சிகிச்சைக்கு முந்திய வாரங்கள்: பிரித்தானியாவில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நம் குடும்பங்கள் ஆயத்தமாவது எப்படி

புற்றுநோய்தான் என்று வைத்தியர் உறுதிப்படுத்திய நாளுக்கும் சத்திரசிகிச்சையோ கீமோவோ தொடங்கும் நாளுக்கும் இடையில் பெரும்பாலும் சில வாரங்கள் இருக்கும். இங்கிலாந்தின் அரச சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ். தனக்கு வகுத்துக்கொண்ட இலக்குகளின்படி, ஜி.பி. என்ற குடும்ப வைத்தியர் அவசரமாக அனுப்பிய நாளிலிருந்து 28 நாள்களுக்குள் நோய் உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டும், என்ன சிகிச்சை என்று முடிவான நாளிலிருந்து 31 நாள்களுக்குள் அது தொடங்க வேண்டும், ஜி.பி. அனுப்பியதிலிருந்து கணக்கிட்டால் 62 நாள்களுக்குள் தொடங்கிவிட வேண்டும். இந்த இலக்குகள் எல்லா இடங்களிலும் எட்டப்படுவதில்லை. எப்படியிருந்தாலும், அந்த இடைவெளியை நம் வீடுகளில் வெறும் காத்திருப்பாகவே எண்ணுகிறோம். வருத்தக்காரரைக் கட்டிலில் படுக்க வைக்கிறோம், பத்தியம் தொடங்குகிறோம், ஊருக்குத் தெரியக்கூடாது என்று கதவைச் சாத்துகிறோம். எல்லாம் அன்பினால் செய்வதுதான். ஆனால் சிகிச்சையைத் தாங்குவதற்கு உடம்புக்கு எது மிகவும் தேவையோ, அந்தப் பலத்தையே இவை குறைத்துவிடுகின்றன.

இந்த வாரங்களைச் சிகிச்சையின் முதற்பகுதியாகவே எண்ண வேண்டும் என்பதுதான் பிரீஹாப் என்று இங்கே அழைக்கப்படும் முறையின் அடிப்படை. நடை முதலிய உடற்பயிற்சி, புரதம் நிறைந்த உணவு, மனத்துக்குத் துணை, புகையையும் மதுவையும் விடுவது ஆகியவை சேர்ந்ததே அது. புற்றுநோயாளர்களுக்கான பிரீஹாப் வழிகாட்டலை, அவர்களுக்கு உதவும் தொண்டு நிறுவனமான மக்மில்லன், மயக்க மருந்து வைத்தியர்களின் அரச கல்லூரி முதலியவற்றுடன் சேர்ந்து 2019-இல் வெளியிட்டது. அதே ஆண்டில் கிரேட்டர் மான்செஸ்டரில், உள்ளூர் உடற்பயிற்சி நிலையங்களைப் பயன்படுத்தும் பிரீஹாப் திட்டம் ஒன்று தொடங்கியது. பெருங்குடல் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்த 251 பேரை வைத்துச் செய்யப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வில், நான்கு வாரம் இவ்வாறு ஆயத்தமானவர்களில் 17.1 வீதமானவர்களுக்கும், வழக்கம்போல் காத்திருந்தவர்களில் 29.7 வீதமானவர்களுக்கும் கடுமையான சிக்கல்கள் ஏற்பட்டன. எல்லாப் புற்றுநோய்க்கும் இதே அளவு பலன் கிடைக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு வாரம் மட்டுமே இருந்தாலும் அதைக் கட்டிலில் கழிப்பது நல்லதல்ல என்று தயங்காமல் சொல்லலாம்.

சிக்கல் என்னவென்றால், இங்கே வைத்தியசாலைகள் தரும் கையேடுகளில் பெரும்பாலும் ஓட்ஸ், சீஸ், ஜிம், நீச்சல் என்றே எழுதியிருக்கும். புட்டும் சொதியும் சாப்பிட்டு, சேலை கட்டி, ஆங்கிலத்தில் நாலு சொல்லுக்குமேல் பேசாத ஒரு அம்மாவுக்கு அந்தத் தாளால் பயன் இல்லை. குஜராத்தி, பஞ்சாபி, வங்காளி வீடுகளிலும் இதே நிலைதான். கீழே உள்ளவை பிரித்தானியாவுக்குப் புதிதாக வந்தவர்களையும், இந்த நோயை வீட்டுக்குள் முதன்முறையாகச் சந்திப்பவர்களையும் மனத்தில் வைத்து எழுதியவை.

முதலில் கேட்க வேண்டியவர்

நோய் உறுதியானதும் உங்களுக்கென ஒரு ஸ்பெஷலிஸ்ட் நர்ஸ் நியமிக்கப்படுவார். அவருடைய பெயரும் நேரடித் தொலைபேசி எண்ணும் உள்ள அட்டையை அன்றே கேட்டு வாங்குங்கள். பெரிய வைத்தியரைத்தான் கேட்க வேண்டும் என்று எண்ணி அடுத்த சந்திப்புவரை கேள்விகளை அடக்கி வைத்திருப்பது நம்மவர்களின் வழக்கம். இந்த நாட்டில் அன்றாடக் கேள்விகளுக்கு வழி திறப்பவர் அந்த நர்ஸ்தான். அவரிடம் மூன்றைக் கேளுங்கள்: இந்த வைத்தியசாலையில் பிரீஹாப் உண்டா, உணவு ஆலோசகரைப் பார்க்கலாமா, சிகிச்சை எந்த வாரம் தொடங்கக்கூடும். பிரீஹாப் எல்லா வைத்தியசாலைகளிலும் இல்லை. இல்லையென்றாலும் இங்கே சொல்லப்படும் பெரும்பாலானவற்றை, அவரிடம் ஒரு சொல் கேட்டுக்கொண்டு, வீட்டிலேயே செய்யலாம்.

மொழிபெயர்ப்பாளர்

என்.எச்.எஸ். சந்திப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இலவசமாகக் கிடைப்பார். ஆனால் கேட்டால்தான் கிடைப்பார். அதுவும் சந்திப்புத் திகதியை உறுதிசெய்யும்போதே கேட்க வேண்டும். பெண்ணாக இருந்தால் நல்லது என்று நினைத்தால் அதையும் அப்போதே சொல்லுங்கள். மகளுக்கு ஆங்கிலம் நன்றாக வருமே என்று அவளை மொழிபெயர்க்க வைப்பதை நான் விரும்புவதில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை தன் தாயின் கருப்பையைப் பற்றியும், எவ்வளவு காலம் இருக்கும் என்பதைப் பற்றியும் இரண்டு பக்கமும் நின்று பேச நேர்வது கொடுமை. வளர்ந்த பிள்ளைகளும் வைத்தியர் சொல்வதில் பாதியை விழுங்கிவிட்டு, மெல்லியதை மட்டும் தமிழில் சொல்வார்கள். பிள்ளை உடன் இருக்கட்டும், பேசுவதை மொழிபெயர்ப்பாளர் பேசட்டும்.

சில சொற்களிலேயே பொறி இருக்கிறது. பரிசோதனை முடிவு பொசிட்டிவ் என்று சொன்னால் நல்ல செய்தி என்று மகிழ்ந்து வீட்டுக்கு வந்தவர்கள் உண்டு. தேடிய நோய் அங்கே இருக்கிறது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். கதிர்ச் சிகிச்சையை நம் ஆட்கள் ‘கரண்ட் வைக்கிறது’ என்பார்கள். அதைக் கேட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள் என்று பயந்து மறுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதில் மின்சாரம் உடம்பில் பாய்வதில்லை, கொடுக்கும் நேரத்தில் வலிப்பதுமில்லை. வெளியிலிருந்து கொடுக்கும் கதிர்ச் சிகிச்சைக்குப் பிறகு பேரப்பிள்ளையைத் தாராளமாகத் தூக்கலாம். சிறு சதைத்துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்சிக்கு ஊசி குத்தினால் பரவிவிடும், கத்தி பட்டால் கட்டி கோபித்துக்கொள்ளும் என்ற பேச்சையும் பலமுறை கேட்டிருக்கிறேன். வெட்டிப் பார்த்த பிறகுதான் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது தெரிய வருகிறது. முன்பே பரவியிருந்ததற்குக் கத்திமேல் பழி விழுகிறது.

வருத்தக்காரருக்குச் சொல்லலாமா

‘அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ, தாங்க மாட்டார்’ என்று மகன்மார் வைத்தியரைத் தனியே அழைத்துச் சொல்வதை இங்குள்ள வைத்தியர்கள் நன்றாக அறிவார்கள். தன் முடிவைத் தானே எடுக்கக்கூடிய நோயாளிக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பதே இங்குள்ள நடைமுறை. குடும்பம் கேட்டது என்பதற்காக அவரிடமிருந்து மறைக்க மாட்டார்கள். இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை நோயாளியே தீர்மானிக்கலாம். ‘விவரத்தை என் மகனிடம் சொல்லுங்கள், நான் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் எனக்குச் சொன்னால் போதும்’ என்று அவர் சொன்னால் அதை மதித்து நடப்பார்கள். ஆகவே வைத்தியரிடம் போவதற்கு முன் அப்பாவிடமே கேளுங்கள். எதற்கு என்று தெரியாத ஒருவரை ஐந்து மணிக்கு இருட்டிவிடும் நவம்பர் மாதத்தில் அரை மணி நேரம் நடக்கச் சொன்னால் அவர் நடக்க மாட்டார்.

பத்தியமும் புரதமும்

நான் அதிகம் வாதாட வேண்டிவருவது இந்த இடத்தில்தான். புற்றுநோய் என்றதும் நம் வீடுகளில் முதலில் மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், நிற்கும். பிறகு றால், கணவாய், கத்தரிக்காய், தக்காளி, தயிர் என்று ஒவ்வொன்றாகப் போகும். கிரந்தி, குளிர், சூடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். சீனி நோயை வளர்க்கும் என்று யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை நம்பிப் பழமும் நிற்கும். கடைசியில் கஞ்சியும் ரசச் சோறும் மிஞ்சும். இரண்டு மாதத்தில் ஐந்து கிலோ குறைந்தவரைப் பார்த்து நோய் தின்கிறது என்கிறோம். அதில் ஒரு பங்கைத் தின்றது பத்தியம்.

சத்திரசிகிச்சைக் காயம் ஆறுவதற்கும், கீமோவுக்குப் பின் இரத்த அணுக்கள் திரும்ப வளர்வதற்கும், கட்டிலிலிருந்து எழும்புவதற்கும் புரதம் வேண்டும். ஒருவருடைய உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை நாளொன்றுக்குத் தேவை என்பது புற்றுநோயாளருக்கான பொதுவான கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 72 முதல் 90 கிராம். நம் சாப்பாட்டில் இதை எட்டுவது கடினமல்ல, ஆனால் எண்ணிப் பார்த்தால்தான் எட்டும். காலையில் புட்டுடன் இரண்டு அவித்த முட்டை, ஒரு குவளை பால்: ஏறத்தாழ 19 கிராம். மதியம் 100 கிராம் மீனும் ஒரு சிறிய கிண்ணம் பருப்பும்: 30 கிராம். பின்னேரம் ஒரு கைப்பிடி கச்சானும் (நிலக்கடலை) ஒரு கிண்ணம் தயிரும்: 14 கிராம். இரவு காய்ந்த நிறையில் 30 கிராம் சோயாமீற் போட்ட கறி: 15 கிராம். கூட்டினால் 78. மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் மீனுக்குப் பதில் பனீர், தோபு, இன்னொரு பங்கு பருப்பு, பயறு, கௌபி என்று பகிர்ந்துகொள்ளலாம். சோற்றையும் இடியப்பத்தையும் விட வேண்டியதில்லை. தட்டில் முதலில் கறியைச் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றுக்குப் போகச் சொல்லுங்கள், பசி குறைந்தவர்களுக்கு இது பெரிய வேறுபாட்டைத் தரும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் இந்தக் கணக்கை உணவு ஆலோசகரிடம் கேட்காமல் பின்பற்றக்கூடாது.

உடம்பைத் தேற்றும் சாப்பாட்டை நாம் அறியாதவர்களும் அல்லர். பெண்பிள்ளை பெரியபிள்ளையானதும் உழுத்தங்களியும் முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்தது நம் வீடுகள்தான். பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கு அரைத்து மீன்போட்டுப் பத்தியக் கறி வைத்ததும் நாம்தான். அந்தப் பத்தியம் சேர்க்கிற பத்தியம். புற்றுநோய்க்கு மட்டும் விலக்குகிற பத்தியத்தை எங்கிருந்து எடுத்தோம் என்று தெரியவில்லை. அம்மம்மாவோ மாமியோ வீட்டில் இருந்தால், ‘சாப்பிடக்கூடாதது’ என்ற பட்டியலை அவர்களிடமிருந்து மெல்ல வாங்கிவிட்டு, உழுத்தங்களியையும் சரக்குக் கறியையும் அவர்கள் பொறுப்பில் விடுங்கள். அவர்களுக்கும் செய்வதற்கு ஒன்று வேண்டும். கீமோ தொடங்கிய பின் முட்டையை மட்டும் நன்றாக அவித்துக் கொடுங்கள்.

தெற்காசியர் ஒல்லியாகத் தெரிந்தாலும் தசை குறைவாகவும் கொழுப்பு அதிகமாகவும் இருப்பது வழக்கம். அதனால்தான் உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. கணக்கில், அதிக எடை என்பதற்கு ஐரோப்பியருக்கு 25 என்று வைத்திருக்கும் எல்லையை நமக்கு 23 என்று இங்கே குறைத்து வைத்திருக்கிறார்கள். ஆகவே நோயாளி மெலிந்தது நல்லது என்று யாராவது பாராட்டினால் மகிழ வேண்டாம். கிழமைக்கு ஒருமுறை ஒரே நேரத்தில், ஒரே தராசில் எடை பார்த்து எழுதி வையுங்கள். சில மாதங்களில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 60 கிலோவில் 3 கிலோ, முயலாமலே குறைந்திருந்தால் நர்ஸிடம் சொல்லி உணவு ஆலோசகரைக் கேளுங்கள்.

விரதம்

கந்தசஷ்டியின் ஆறு நாளையும் நீரும் மிளகும் மட்டும் கொண்டு பிடிக்கிற அம்மாமார் நம்மிடையே இருக்கிறார்கள். இந்த ஆண்டு வேண்டாம் என்று வெறுமனே சொன்னால், நோயைவிட அது அவர்களைக் கலக்கும். பாலும் பழமும் பருப்பும் சேர்த்த இலகுவான விரதம், அல்லது வீட்டில் இன்னொருவர் அவர் பெயரில் பிடிப்பது என்று கோவில் குருக்களிடம் பேசி வழி காணலாம். பெரும்பாலான குருக்கள்மார் இதற்கு இணங்குவார்கள். இஸ்லாமியருக்கு, நோயுற்றவர் நோன்பைப் பிற்போடலாம் என்று குர்ஆனே இடம் தருகிறது. எந்த விரதமானாலும் நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் நர்ஸிடம் கேட்காமல் தொடங்கக்கூடாது.

நடை

கிழமைக்கு 150 நிமிடம், அதாவது கிழமையில் ஐந்து நாள் அரை மணி நேர நடை, அத்துடன் இரண்டு நாள் தசைக்கு வேலை என்பது பொதுவான இலக்கு. நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. அந்த வேகம்தான் சரியான வேகம். இதுவரை நடக்காதவர் பத்து நிமிடத்திலிருந்து தொடங்கலாம். குளிர்காலத்தில் பெரிய கடைத்தொகுதிகளின் உள்ளே நடக்கலாம். கோவிலுக்குப் போகிறவர் வெளிவீதியைப் பதினொரு முறை சுற்றிவரலாம். மாடிப்படி உள்ள வீடானால் அதுவும் ஒரு கருவிதான். ஜிம்முக்குப் போகக் கூச்சமாக இருக்கும் பெண்களுக்கு, பெண்களுக்கென்று மட்டும் நேரம் ஒதுக்கும் நிலையங்கள் பல நகரங்களில் உண்டு.

தசைக்கு மிக எளிய பயிற்சி கதிரையிலிருந்து எழும்புவது. கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு, கையூன்றாமல் எழும்பி, மெதுவாகத் திரும்ப இருங்கள். முடிந்தவரை செய்து, சற்று ஓய்ந்து மறுபடியும் செய்யுங்கள். முதல் நாள் எத்தனை முறை முடிந்தது என்று கலண்டரில் எழுதுங்கள்; இரண்டாம் கிழமையில் அந்த எண் கூடியிருப்பதைப் பார்ப்பதே நோயாளிக்கு மருந்து போன்றது. நெஞ்சிலோ வயிற்றிலோ சத்திரசிகிச்சை என்றால் ஆழமாக மூச்சிழுக்கும் பயிற்சியையும் கேட்டுப் பழகுங்கள், பிறகு சளி கட்டி நுரையீரலில் தொற்று வருவதை அது குறைக்க உதவும். தேவாரத்தை நீட்டிப் பாடுகிறவர்கள் அதையும் விட வேண்டாம்.

எலும்புக்குப் பரவிய நோய், நெஞ்சு நோவு, தலைச்சுற்று, மிகக் குறைந்த இரத்தம் ஆகியவற்றில் எது இருந்தாலும் நர்ஸிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். ‘பாவம், களைத்துப்போய் இருக்கிறார், படுக்கட்டும்’ என்று சொல்லத் தோன்றும் அண்ணனே தினமும் மாலை ஐந்து மணிக்குச் சப்பாத்தோடு வந்து நிற்கட்டும். அழைத்துக்கொண்டு போக ஒருவர் இல்லாத நடை மூன்றாம் நாள் நின்றுவிடும்.

நீரிழிவும் இரத்தமும்

தெற்காசியருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு வெள்ளையரைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு. காத்திருந்து செய்யக்கூடிய சத்திரசிகிச்சைகளுக்கு, கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ1சி 69-க்குக் கீழே, பழைய அளவில் 8.5 வீதத்துக்குக் கீழே, இருக்க வேண்டும் என்று இங்கே எதிர்பார்க்கிறார்கள். புற்றுநோய்க்கு அந்த அளவுவரை காத்திருக்க முடியாமலும் போகலாம். ஆகவே இருக்கிற வாரங்களிலேயே ஜி.பி.யின் நீரிழிவு நர்ஸைப் பார்ப்பது நல்லது. கீமோவுடன் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரைகள் சீனியை ஏற்றும் என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். சில நீரிழிவு மாத்திரைகளைச் சத்திரசிகிச்சைக்கு முன் நிறுத்த வேண்டும், சிலவற்றை நிறுத்தக்கூடாது. நீங்களாக முடிவெடுக்க வேண்டாம், மாத்திரைப் பெட்டிகளை அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இரத்தச்சோகைக்கு இரும்பு மாத்திரை தந்தால் தேநீரோடு விழுங்காதீர்கள், அது இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும். தோடம்பழச் சாறோடு எடுப்பது நல்லது. நம்மிடையே தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் கோளாறின் கூறு உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் இரத்தப் பரிசோதனை இரும்புக் குறைவுபோலத் தோற்றமளிக்கும். குடும்பத்தில் அது உண்டென்றால் முதலிலேயே சொல்லுங்கள். முன்பு காசநோய் வந்திருந்தாலும், ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி தொற்று வீட்டில் யாருக்காவது இருந்தாலும் அதையும் சொல்ல வேண்டும். கீமோவின்போது உறங்கிக்கிடந்த தொற்று எழும்பக்கூடும். ஊரில் வெட்கப்பட்டு மறைத்த நோயை இங்கே மறைப்பதில் நன்மை ஒன்றும் இல்லை.

வெற்றிலை, மூலிகை, ஊரிலிருந்து வந்த பொட்டலம்

புகையிலை போடாமல் வெறும் வெற்றிலை பாக்குத்தானே என்பவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004-இல் வெளியிட்ட தொகுதியில், புகையிலை சேராத வெற்றிலைத் தாம்பூலத்தையும் பாக்கையும்கூடப் புற்றுநோய் உண்டாக்குபவை என்றே வகைப்படுத்தியது. கிழக்கு இலண்டன் வங்காளிகள் வெற்றிலையோடு போடும் ஜர்தாப் புகையிலையும் நம் வெற்றிலைப் பெட்டியும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். சிகரட், பாக்கு, மது எதுவாயினும் உண்மை அளவை நர்ஸிடம் சொல்லுங்கள். நாள்தோறும் அதிகம் குடிப்பவர் திடீரென்று தானாக நிறுத்துவது ஆபத்து, வைத்தியரின் துணையுடன்தான் நிறுத்த வேண்டும். வாய், தொண்டைப் பகுதிக்குக் கதிர்ச் சிகிச்சை என்றால் அதற்கு முன்பே பல் வைத்தியரைப் பார்த்துவிட வேண்டும்.

கறியில் போடும் மஞ்சள் பிரச்சினையில்லை. மஞ்சள் மாத்திரை வேறு. அது இரத்தம் உறைவதையும் ஈரலையும் பாதிக்கலாம். பாவற்காய்ச் சாறு நீரிழிவு மாத்திரையோடு சேர்ந்து சீனியை மிகவும் இறக்கிவிடலாம். பம்பளிமாசு சில மருந்துகள் இரத்தத்தில் தங்கும் அளவை மாற்றும். சில பற்பங்களிலும் செந்தூரங்களிலும் பாதரசம், ஈயம் போன்ற உலோகங்கள் உண்டு. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ அன்போடு அனுப்பிவைத்த பொட்டலத்தை எறிய மனம் வராவிட்டால், நர்ஸிடம் அல்லது மருந்தாளரிடம் கொண்டுபோய்க் காட்டும்வரை அலுமாரியில் வையுங்கள். காட்டினால் திட்டுவார்கள் என்ற பயத்தால்தான் பலர் மறைக்கிறார்கள். மயக்க மருந்து கொடுப்பவருக்குத் தெரியாமல் இருப்பது அதைவிடப் பெரிய ஆபத்து.

பிள்ளைப்பேறு

கல்யாணமாகாத மகளுக்குக் கீமோ என்றால் இந்தப் பேச்சை எடுக்கப் பெற்றோர் கூசுவார்கள், மகளும் கேட்க மாட்டாள். கீமோ கருத்தரிக்கும் வாய்ப்பைக் குறைக்கக்கூடும். முட்டை, விந்து உறைய வைப்பது முதலிய வழிகளை முதல் ஊசிக்கு முன்பேதான் பார்க்க வேண்டும். நர்ஸிடம் அவள் தனியாகப் பேச இடம் கொடுத்து, பெற்றோர் பத்து நிமிடம் வெளியே இருங்கள்.

நல்ல நாளும் இரண்டாவது கருத்தும்

சத்திரசிகிச்சைத் திகதி அட்டமியில் விழுந்தது என்று மறுத்தால் அடுத்த இடம் எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நல்ல நாள் பார்க்க வேண்டுமென்றால், அதற்கு முன்வரும் நல்ல நாளில் அர்ச்சனை செய்து நூல் கட்டிக்கொள்ளுங்கள். இரண்டாவது கருத்துக்காகச் சென்னைக்குப் பறக்கும் குடும்பங்களும் உண்டு. இரண்டாவது கருத்து கேட்பது தவறில்லை, இங்கேயே ஜி.பி. மூலமும் கேட்கலாம். போவதென்றால் நர்ஸிடம் சொல்லிவிட்டு, ஸ்கான் படங்களின் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். சொல்லாமல் போய்ச் சந்திப்புகளைத் தவறவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் போகலாம்.

பணம், வேலை

இங்கிலாந்தில் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவருக்கு மருந்துச் சீட்டுக் கட்டணம் இல்லை, ஜி.பி.யிடம் விண்ணப்பித்தால் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும் விலக்குச் சான்றிதழ் கிடைக்கும். 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் புற்றுநோயை, அது உறுதியான நாளிலிருந்தே, ஊனமுற்றோருக்கான பாதுகாப்பின்கீழ் கொண்டுவருகிறது. கடையிலோ பெட்ரோல் ஸ்டேஷனிலோ வேலை செய்பவருக்கும் இது பொருந்தும். தஞ்சம் கோரி முடிவுக்குக் காத்திருப்பவர்களுக்கும், விசாவோடு சுகாதாரக் கட்டணம் செலுத்தியவர்களுக்கும் வைத்தியசாலைச் சிகிச்சைக்குத் தனியாகப் பணம் இல்லை. சுற்றுலா விசாவில் வந்திருக்கும் பெற்றோரின் நிலை வேறு, அவர்களிடம் கட்டணம் கேட்பார்கள். மக்மில்லனின் இலவச உதவி எண்ணான 0808 808 00 00-ஐ அழைத்து ‘தமிழ்’ என்று மட்டும் சொன்னாலும் மொழிபெயர்ப்பாளரை இணைத்துக்கொள்வார்கள்.

வீட்டுக்கு வருகிறவர்களும் காய்ச்சலும்

கீமோ தொடங்குவதற்கு முன் ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசி முதலியவை போடலாமா என்று கேளுங்கள். வீட்டில் உள்ளவர்களும் போட்டுக்கொள்வது நல்லது. பார்க்க வருகிறவர்களைத் தடுக்க முடியாத வீடுகளில், ஒரு பெறாமகனையோ மருமகளையோ வாட்ஸ்அப் பொறுப்பாளராக வைத்து, யார் எப்போது வரலாம் என்பதை அவர் சொல்லட்டும். இருமலோடு வருகிறவர் சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போகலாம். நம் தோலில் கதிர்ச் சிகிச்சையின் எரிவு சிவப்பாகத் தெரியாது, கறுத்தும் சூடாகவும் அரிப்பாகவும் தெரியும். கீமோவில் நகமும் நாக்கும் கறுக்கலாம். கையேட்டில் சிவப்பு என்று எழுதியிருப்பதற்காகக் காத்திருக்காமல் நிறம் மாறியதும் சொல்லுங்கள்.

ஒரு வெப்பமானி கட்டாயம் வாங்கி வையுங்கள். உடம்பு சுடுவதாகத் தோன்றினால் முதலில் அளவிட வேண்டும், பனடோல் கொடுப்பது அதற்குப் பிறகு. மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும், உள்ளே தொற்று வளர்ந்துகொண்டிருக்கும். எந்த அளவில் அழைக்க வேண்டும் என்பது வைத்தியசாலை தரும் அட்டையில் இருக்கும், பொதுவாக 37.5 அல்லது 38 பாகை. இரவு இரண்டு மணியானாலும் அந்த அட்டையில் உள்ள 24 மணி நேர எண்ணை அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்கும் நோய் அல்ல இது.

முதல் நாள் இரவு

சத்திரசிகிச்சைக்கு முன் பொதுவாக ஆறு மணி நேரம் சாப்பாடு கூடாது, தெளிந்த நீர் இரண்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். உங்கள் கடிதத்தில் வேறு நேரம் எழுதியிருந்தால் அதுவே செல்லும். பால் தேநீர் சாப்பாட்டுக் கணக்கில்தான் வரும். நகப்பூச்சை அழித்துவிடுங்கள், மருதாணியையும் அந்தக் கிழமை தவிர்த்துவிடுங்கள், விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவிக்கு அவை இடையூறாகலாம். மூக்குத்தி, தோடு, காப்பு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைக்க வேண்டும். தாலியைக் கழற்ற மனம் ஒப்பாதவர்கள் முன்கூட்டியே நர்ஸிடம் சொன்னால் சில சத்திரசிகிச்சைகளில் ஒட்டுப்போட்டு மறைத்துக்கொள்வார்கள்; ஆனால் எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கும் மார்புக் கதிர்ச் சிகிச்சைக்கும் பொன் கழுத்தில் இருக்க முடியாது. அந்த நாள்களுக்கு, கொடியைக் கழற்றிச் சாமி அறையில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிக்கொள்ளும் பழைய வழக்கம் இருக்கிறது. கதிர்ச் சிகிச்சை கொடுக்கும் இடத்தில் அந்தக் கயிறும் குறுக்கே வருமென்றால், அதைக் கையில் கட்டிக்கொள்ளலாமா என்று முதல் நாளே கேட்டு வையுங்கள்.